வேலைக்குப் போய்க்கொண்டே பகுதிநேர மெக்கானிக்கல் / உற்பத்திப் பொறியியல் பட்டம்: எந்தப் பாடத்தை எப்போது எடுப்பது?

இரண்டாம்ஷிப்ட் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். டிப்ளமோ முடித்து ஏழு வருடமாக சிஎன்சி டர்னிங் (கணினி இயக்கும் கடைசல்) பிரிவில் வேலை. வாரத்துக்கு 48 மணி நேரம், ஷிப்ட் வாரா வாரம் மாறும். பல்கலைக்கழகத்தில் பகுதிநேரப் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. முதல் இரண்டு ஆண்டுப் பாடங்கள் பொது. அதன்பின் மெக்கானிக்கல், உற்பத்திப் பொறியியல் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒரு செமஸ்டருக்கு எத்தனை பாடம் எடுத்தால் தாங்கும்? டிப்ளமோவைக் காட்டிச் சில பாடங்களுக்கு விலக்கு தருகிறார்கள், கிடைப்பதையெல்லாம் வாங்கிக்கொள்ளலாமா? கால்குலஸ் முழுக்க மறந்துவிட்டது, வகுப்பு தொடங்க மூன்று மாதம்தான் இருக்கிறது. மெஷினில் நின்று கற்றது படிப்பில் எங்காவது கைகொடுக்குமா, இல்லை எல்லாமே புதிதாகத்தான் தொடங்க வேண்டுமா? விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

கியர்மாட்யூல்:

முதலில் நேரக் கணக்கைப் போட்டுவிடுவோம். ஐரோப்பிய கிரெடிட் முறையில் முழுநேர மாணவருக்கு ஆண்டுக்கு 60 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. மற்ற முறைகளில் எண்கள் வேறு, உழைப்பு பெரிதாக மாறாது. 5 கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 125 முதல் 150 மணி ஆகிறது. அதை 15 வாரத்தில் பரப்பினால் வகுப்பும் சேர்த்து வாரத்துக்கு 8 முதல் 10 மணி. இரண்டு பாடம் என்றால் 16 முதல் 20. மூன்று என்றால் 24 முதல் 30. உங்கள் 48 மணி வேலையோடு கூட்டிப் பாருங்கள், மூன்று பாடம் ஏன் பலருக்கு அரியரில் முடிகிறது என்பது தெரியும்.

ஒரு செமஸ்டரில் இரண்டு, அடுத்ததில் மூன்று என்று போனால் ஆண்டுக்கு 25 கிரெடிட். 180 கிரெடிட் பட்டத்தில் 45-க்கு விலக்கு கிடைத்தால் மீதி 135, ஐந்தரை ஆண்டு. இந்த எண்ணை வீட்டிலும் வேலையிடத்திலும் இப்போதே சொல்லிவிடுங்கள். நான்கு ஆண்டில் முடித்துவிடலாம் என்று கிளம்புபவர்கள்தான் இரண்டாம் ஆண்டில் நின்றுவிடுகிறார்கள்.

மூன்று பாடம் எடுக்கும் செமஸ்டரில் ஒன்று கணக்குப் பாடம், ஒன்று வாசித்து எழுதும் பாடம், ஒன்று லேப் பாடம் என்று கலந்து எடுங்கள். லேப் உள்ள இரண்டை ஒன்றாக வைக்காதீர்கள். தவறவிட்ட வகுப்பைப் பிறகு நோட்ஸ் வைத்துப் பிடித்துவிடலாம். லேப் வருகையை அப்படிப் பிடிக்க முடியாது, ஷிப்ட் மாறும் வாரத்தில் அங்கேதான் அடி விழும்.

பாடங்களின் எண்ணிக்கையைவிட முக்கியமானது அவற்றின் சங்கிலி. பகுதிநேரத் திட்டங்களில் பெரும்பாலான பாடங்கள் ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கும். ஸ்டேடிக்ஸ் (அசையாத பொருள்மேல் விசைகளின் சமநிலை) முடித்தால்தான் பொருள் வலிமையியல், அது முடித்தால்தான் எந்திர வடிவமைப்பு, அதன்பின்தான் இறுதி புராஜெக்ட். முதல் கண்ணியில் தோற்றால் இழப்பது ஒரு செமஸ்டர் அல்ல, ஒரு முழு ஆண்டு. கணிதம் 1, கணிதம் 2, டைனமிக்ஸ், அதிர்வியல் அல்லது கட்டுப்பாட்டியல் என்பது இன்னொரு சங்கிலி. வெப்ப இயக்கவியல், பாய்ம இயக்கவியல், வெப்பப் பரிமாற்றம் மூன்றாவது. மெட்டீரியல்ஸ், உற்பத்தி முறைகள், உலோக வெட்டியல், பிராசஸ் பிளானிங் நான்காவது. ஒரு பெரிய தாளில் புராஜெக்டை வலது ஓரத்தில் எழுதி, அங்கிருந்து பின்னோக்கி அம்பு போட்டு வாருங்கள். எந்தச் சங்கிலி நீளமோ அதன் முதல் பாடத்தை முதல் செமஸ்டரிலேயே எடுக்க வேண்டும். மேலாண்மை, பாதுகாப்பு, தொடர்புத்திறன் போன்ற தனிப் பாடங்களை எப்போது வேண்டுமானாலும் செருகிக்கொள்ளலாம். பலர் எளிதாயிற்றே என்று இவற்றை முதலில் முடித்துவிடுகிறார்கள். கடைசி இரண்டு ஆண்டில் கடினமான பாடங்கள் மட்டும் மிஞ்சும், இடையில் மூச்சு விட ஒரு லேசான பாடம்கூட இருக்காது.

விலக்கு: பட்டறைப் பயிற்சி, அடிப்படை டிராயிங், கேட் (கணினி வழி வரைதல்) இவற்றுக்குக் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டேடிக்ஸ், பொருள் வலிமையியல், வெப்ப இயக்கவியல் இவற்றுக்குத் தந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். டிப்ளமோவில் சூத்திரத்தில் எண்ணைப் போட்டு விடை கண்டிருப்பீர்கள். அந்தச் சூத்திரம் எந்த அனுமானத்தில் பிறந்தது, எங்கே உடையும் என்பதைப் பட்டப்படிப்பின் அடுத்த பாடம் உங்களுக்குத் தெரிந்ததாக எடுத்துக்கொள்ளும்.

மெக்கானிக்கலா உற்பத்தியா என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டாம். இது தாங்குமா, சூடாகுமா, அதிருமா என்ற கேள்விகள் பிடித்தால் மெக்கானிக்கல். இதே பாகத்தை பத்தாயிரமாவது முறையும் அதே அளவில், சொன்ன நேரத்தில் எப்படி எடுப்பது என்ற கேள்வி பிடித்தால் உற்பத்தி. இரண்டு ஆண்டு பொதுப் பாடம் முடிவதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும்.

பணம் கட்டும் முன் அங்கீகாரத்தைப் பாருங்கள். பொறியாளர் பட்டங்களைப் பரஸ்பரம் ஏற்கும் வாஷிங்டன் ஒப்பந்தம் 1989-இல் வந்தது, தொழில்நுட்பவியலாளர் பட்டங்களுக்கான சிட்னி ஒப்பந்தம் 2001-இல். உங்கள் படிப்பு எதன் கீழ் வருகிறது என்பது பின்னாளில் பதிவு, மேற்படிப்பு இரண்டையும் பாதிக்கும். முழுநேரப் படிப்புக்கு அங்கீகாரம் இருந்தால் பகுதிநேரத்துக்கும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். படிப்பின் சரியான பெயர், படிக்கும் முறை, சேரும் ஆண்டு மூன்றையும் வைத்து அங்கீகரிக்கப்பட்ட படிப்புகளின் பட்டியலில் தேடுங்கள்.

சைன்பார்200:

கணிதத்துக்கு மூன்று மாதம் போதும், ஆனால் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து தொடங்கினால் போதாது. இயற்கணிதத்தில் ஒரு மாறியைத் தனியே பிரித்தெடுப்பது, லாகரிதம், திரிகோணமிதி இவற்றுக்கு முதல் மூன்று வாரம். வகையிடலுக்கு நான்கு வாரம், தொகையிடலுக்கு மூன்று, வெக்டருக்கு இரண்டு. மொத்தம் 12 வாரம். மேட்ரிக்ஸ், வகைக்கெழுச் சமன்பாடு இவற்றை இப்போது தொட வேண்டாம், கணிதம் 2-இல் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். தினமும் 45 நிமிடம், கையால் எழுதிப் போடுங்கள். விடுமுறை நாளில் ஆறு மணி நேரம் உட்கார்ந்தால் அடுத்த விடுமுறைக்குள் பாதி மறந்துவிடும்.

வகையிடல் எதற்கு என்று புரிய உங்கள் கையில் இருக்கும் கருவியே போதும். 200 மி.மீ. சைன் பாரில் (ஒரு முனையை ஸ்லிப் கேஜ் எனும் அளவுக் கட்டைகளால் உயர்த்திக் கோணம் வைக்கும் பட்டை) 12 டிகிரி வைக்க வேண்டும்: உயரம் 200 × சைன் 12 = 41.582 மி.மீ. இது திரிகோணமிதி. ஸ்லிப் கேஜ் அடுக்கில் 0.005 மி.மீ. பிழை இருந்தால் கோணம் எவ்வளவு தவறும்? உயரத்தைக் கோணத்தைப் பொறுத்து வகையிட்டால் 200 × கோசைன் கோணம் வரும். பிழையை அதனால் வகுத்தால் கோணப் பிழை ரேடியனில் கிடைக்கும். 12 டிகிரியில் ஏறக்குறைய 5 கோண விநாடி (ஒரு டிகிரிக்கு 3600 விநாடி). அதே 0.005 பிழை 60 டிகிரியில் 10 விநாடிக்கு மேல். 45 டிகிரியைத் தாண்டினால் சைன் பாரை நம்பாதே என்று பட்டறையில் சொல்வார்களே, அதற்குக் காரணம் இந்த ஒரு வரி வகையிடல்தான். இப்படி நான்கு கணக்கு நீங்களே உருவாக்கிப் போட்டால் கால்குலஸ் மேல் உள்ள பயம் பாதி போய்விடும்.

தொகையிடலுக்கு அதேபோல் ஒரு வட்டத் தண்டின் பரப்புத் திருப்புத்திறனை (வளைவை எதிர்ப்பதில் குறுக்குவெட்டு வடிவத்தின் பங்கைக் காட்டும் அளவு) நீங்களே வருவித்துப் பாருங்கள். விட்டத்தின் நான்காம் அடுக்கு எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் பொருள் வலிமையியலில் எத்தனையோ இடத்தில் உதவும்.

கணினியில் கணக்குப் போட ஆக்டேவ், பைத்தான் இரண்டும் இலவசம். கையால் போட்ட விடையைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், தேர்வு அறையில் அவை கூட வராது.

ஒரு எச்சரிக்கை. ஸ்டேடிக்ஸில் தோற்பவர்கள் கணிதத்தில் தோற்பதில்லை, விசைப்படம் வரையாமல் சமன்பாட்டுக்குத் தாவுவதால் தோற்கிறார்கள். உடலை எல்லாத் தாங்கிகளிலிருந்தும் தனியே பிரித்து வரையுங்கள். நீக்கிய ஒவ்வொரு தொடுகைக்கும் ஒரு விசையோ திருப்புத்திறனோ போடுங்கள். அச்சுத் திசைகளைக் குறித்துவிட்டு அதன்பின் எழுதுங்கள். வெப்ப இயக்கவியலில் இதற்கு இணையான தவறு செல்சியஸைக் கெல்வினாக மாற்ற மறப்பது. 20 டிகிரி காற்றை ஒரு பாரிலிருந்து 7 பாருக்கு வெப்ப இழப்பின்றி, மீள்தகு முறையில் அமுக்கினால் 293 × 1.744 (7 மடங்கு அழுத்தத்துக்கான பெருக்கெண்) = 511 கெல்வின், அதாவது 238 டிகிரி செல்சியஸ். 20-ஐயே 1.744-ஆல் பெருக்குபவருக்கு 35 டிகிரி வரும், கம்ப்ரசரின் டெலிவரி குழாயைத் தொட்டவர் யாரும் அந்த விடையை நம்பமாட்டார். அந்த 7 பார் தனி அழுத்தம் என்பதையும் கவனியுங்கள். கேஜ் முள் காட்டுவது வளிமண்டலத்துக்கு மேல் உள்ளதை மட்டும், அங்கே 6 என்றுதான் இருக்கும்.

இரண்டாம்ஷிப்ட்:

இருவருக்கும் மிக்க நன்றி. சைன் பார் கணக்கைப் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது. மெட்ராலஜிக்கும் (அளவீட்டியல்) விலக்கு தருவதாகச் சொல்கிறார்கள். தினமும் மைக்ரோமீட்டர் பிடிப்பவனுக்கு அது தேவையா? மெஷின் அனுபவம் எந்தப் பாடத்தில் உதவும் என்பதையும் யாராவது சொல்லுங்களேன்.

மைக்ரான்:

மெட்ராலஜி விலக்கை வாங்காதீர்கள். அளக்கத் தெரிவது ஒன்று, அந்த அளவை எவ்வளவு நம்பலாம் என்று சொல்லத் தெரிவது வேறொன்று. அளவீட்டுக்கான அடிப்படை வெப்பநிலை 20 டிகிரி. எஃகு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 11.5 மைக்ரான் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) அளவுக்கு விரியும். மெஷினிலிருந்து எடுத்தவுடன் 30 டிகிரியில் இருக்கும் 100 மி.மீ. துளையை அளந்தால் 11.5 மைக்ரான் பெரிதாகக் காட்டும். எச்7 என்ற துல்லிய வகையில் 100 மி.மீ. துளைக்கு மொத்த டாலரன்ஸ் (அனுமதிக்கும் அளவு வித்தியாசம்) 35 மைக்ரான், அதில் மூன்றில் ஒரு பங்கு வெறும் சூட்டிலேயே போய்விடுகிறது. இரவு ஷிப்டில் பாஸ் ஆன பாகம் காலையில் தர ஆய்வில் சிறிதாக நிற்பதற்கு இதுவே அடிக்கடி காரணம். அலுமினியத்துக்கு இந்த எண் ஏறக்குறைய இரட்டிப்பு.

மெஷின் அனுபவம் எங்கே உதவும் என்றால், சூத்திரம் பொய் சொல்லும்போது உங்களுக்கு உடனே தெரியும். முழுநேர மாணவர்களிடம் இல்லாத பலம் இது. வகுப்பில் ஒரு சமன்பாடு வந்தால் அந்த வாரமே மெஷினோடு ஒப்பிடுங்கள்.

துளையை உள்ளே குடையும் கருவியைப் பிடிக்கும் தண்டான போரிங் பாரை எடுத்துக்கொள்வோம். அது ஒரு முனை பிடிக்கப்பட்ட பீம், வளைவு நீளத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும், விட்டத்தின் நான்காம் அடுக்கில் இறங்கும். 25 மி.மீ. எஃகு பார், 100 மி.மீ. வெளியே நீட்டியிருக்கிறது, ஆரத் திசையில் 300 நியூட்டன் விசை என்றால் நுனி 0.025 மி.மீ. விலகும், துளை விட்டத்தில் 0.05 குறையும். நீட்டத்தை 75-க்குக் குறைத்தால் விலகல் 0.0105 மட்டுமே. 100 நீட்டமே வேண்டும் என்றால் 32 மி.மீ. பார் போடுங்கள், விலகல் 2.7-இல் ஒரு பங்காகும். இதில் பலர் சறுக்கும் இடம்: பாரை ஹார்டனிங் செய்தால் வளையாது என்று நினைப்பது. ஹார்டனிங் வலிமையைக் கூட்டும், மீள்குணகத்தை (பொருளின் விறைப்பைக் காட்டும் எண்) தொடுவதில்லை. எஃகுக்கு அது 2,10,000 மெகாபாஸ்கல் சுற்றித்தான், சாதாரண எஃகானாலும் கடினமாக்கியதானாலும். கார்பைடு பார் ஏன் விலை கூடியும் வாங்கப்படுகிறது என்றால் அதன் மீள்குணகம் எஃகைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. பொருள் வலிமையியல் தேர்வில் விறைப்பும் வலிமையும் ஒன்றா என்ற கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் வந்தே தீரும்.

உலோக வெட்டியலில் டெய்லர் கருவி ஆயுள் சமன்பாடு. எஃப். டபிள்யூ. டெய்லர் 1907-இல் வெளியிட்டது, இன்றும் அதுதான் தொடக்கம். வெட்டு வேகத்தை ஆயுளின் என்-ஆம் (n) அடுக்கால் பெருக்கினால் மாறிலி. கார்பைடுக்கு அந்த என் ஏறத்தாழ 0.25 என்று வைத்தால், வேகத்தை 20 சதவீதம் கூட்டும்போது ஆயுள் பாதிக்கும் கீழே போகும். ஹைஸ்பீடு எஃகுக்கு 0.125 என்றால் நான்கில் ஒரு பங்கு கூட மிஞ்சாது. மூன்று வேகங்களில், ஃபீடும் (ஒரு சுற்றுக்குக் கருவி நகரும் தூரம்) ஆழமும் மாறாமல், பக்கத் தேய்மானம் 0.3 மி.மீ. வரும் நேரத்தைக் குறியுங்கள். கருவி ஆயுள் சோதனைக்கான ஐஎஸ்ஓ 3685 தரநிலையில் சீரான தேய்மானத்துக்குச் சொல்லும் எல்லை அதுதான். வேகம், நேரம் இரண்டின் லாகரிதத்தையும் வரைபடத்தில் போட்டால் நேர்கோடு வரும், சாய்விலிருந்து உங்கள் பொருளுக்கான என் (n) கிடைக்கும். கோடு நேராக வரவில்லை என்றால் பெரும்பாலும் வெட்டப்படும் கம்பியின் கடினத்தன்மை லாட்டுக்கு லாட் மாறியிருக்கும், அல்லது குறைந்த வேகத்தில் விளிம்பில் உலோகம் ஒட்டிப் பெயர்த்திருக்கும்.

பரப்பு நயத்துக்கு ஒரு சின்னக் கணக்கு: ஃபீடின் வர்க்கத்தை மூக்கு ஆரத்தின் (கருவி நுனியின் வளைவு ஆரம்) எட்டு மடங்கால் வகுத்தால் உச்சிக்கும் பள்ளத்துக்கும் உள்ள உயரம். ஃபீடு 0.2 மி.மீ., ஆரம் 0.8 மி.மீ. என்றால் 6.25 மைக்ரான். ஃபீடை 0.1 ஆக்கினால் 1.6-க்கும் கீழே. மெஷினில் அதைவிட மோசமாக வந்தால் வித்தியாசம் அதிர்விலோ தேய்ந்த இன்சர்ட்டிலோ (மாற்றக்கூடிய வெட்டு முனை) இருக்கிறது. லேப் அறிக்கையில் எழுத வேண்டியது அந்த வித்தியாசத்தைப் பற்றி. கணக்கு விடையை மட்டும் எழுதி முடித்தால் பாதி மதிப்பெண்தான்.

புள்ளியியல் தரக் கட்டுப்பாட்டில் பட்டறையிலிருந்து வருபவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. கட்டுப்பாட்டு எல்லையையும் டிராயிங் டாலரன்ஸையும் ஒரே சார்ட்டில் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். ஐந்து ஐந்தாக 25 குழு எடுத்து, சராசரிகளின் சராசரிக்கு மேலும் கீழும் சராசரி வீச்சின் (ஒரு குழுவில் பெரியதுக்கும் சிறியதுக்கும் உள்ள வித்தியாசம்) 0.577 மடங்கு தள்ளி இருப்பதே கட்டுப்பாட்டு எல்லை. அவ்வளவுதான், இதில் டிராயிங்குக்கு இடமே இல்லை. இது மெஷினின் இயல்பு. அது டிராயிங் கேட்பதற்குள் அடங்குகிறதா என்பது திறன் குறியீடு சொல்ல வேண்டிய வேறு சமாசாரம்.

பாரிங்ஃபிட்:

புராஜெக்ட் பற்றி இதுவரை யாரும் சொல்லவில்லை. பகுதிநேரக்காரர்களுக்கு அது வரமாகவும் ஆகலாம், ஆறு மாதத்தை விழுங்கவும் செய்யலாம்.

வேலையிடத்துப் பிரச்சினையையே எடுங்கள், ஆனால் ஒரு மெஷின், ஒரு பாகம், ஒரு குறை என்று சுருக்குங்கள். உற்பத்தித் திறனை மேம்படுத்துதல் என்று தலைப்பு வைத்தால் முடிக்கவே முடியாது. ஒரு டர்னிங் சென்டரில் ஒரு பாகத்தின் செட்டிங் நேரத்தைக் குறைத்தல் என்றால் முடியும். எதையும் மாற்றும் முன் பழைய நிலையை அளந்து வைத்துவிடுங்கள். இதைத் தவறவிட்டவர்கள் கடைசியில் எவ்வளவு குறைந்தது என்று காட்ட எண் இல்லாமல் நிற்கிறார்கள், மெஷினை மாற்றிய பின் பழைய நிலைக்குத் திரும்ப சூப்பர்வைசர் விடமாட்டார்.

அளவு சம்பந்தப்பட்ட தலைப்பு என்றால் முதலில் அளவீட்டு முறையைச் சோதியுங்கள். 10 பாகம், 3 ஆள், ஒவ்வொருவரும் 3 முறை, மொத்தம் 90 அளவீடு. அளவீட்டு முறையின் மாறுபாடு மொத்தத்தில் 10 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் நல்லது, 30-ஐத் தாண்டினால் அந்தக் கருவியை வைத்து மெஷினைக் குறைசொல்ல முடியாது. அந்த 10 பாகங்களும் உற்பத்தியின் முழு வீச்சையும் காட்டுவதாக இருக்கட்டும். அடுத்தடுத்து வந்த பத்தை எடுத்தால் பாகங்களுக்குள் வித்தியாசமே இருக்காது, நல்ல கேஜ்கூட மோசமாகத் தெரியும். எந்தப் பாகத்தை அளக்கிறோம் என்பது அளப்பவருக்குத் தெரியாதபடி எண்ணைப் பின்பக்கம் எழுதுங்கள்.

தலைப்பைப் பேராசிரியரிடம் சொல்வதற்கு முன் நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். எந்த டிராயிங்கைக் காட்டலாம், எந்த அளவை மறைக்க வேண்டும், அறிக்கை நூலகத்தில் வைக்கப்படுமா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். வாய்மொழி அனுமதி மேலாளர் மாறியதும் காணாமல் போகும். சேரும்போதே இன்னொரு கடிதமும் வேண்டும்: தேர்வு நாளில் விடுப்பு, வகுப்பு நாளில் எந்த ஷிப்ட், கட்டணத்தில் நிறுவனப் பங்கு உண்டா, உண்டென்றால் முடித்தபின் எத்தனை ஆண்டு அங்கேயே இருக்க வேண்டும், இடையில் வெளியேறினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும். ஷிப்ட் மாறுபவர்கள் செமஸ்டர் தேதி வந்த அன்றே லேப் நாட்களைக் குறித்துச் சக ஊழியரோடு மாற்றிக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். முந்தைய வாரம் கேட்டால் யாராலும் உதவ முடியாது.

கியர்மாட்யூல்:

பாரிங்ஃபிட் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். புராஜெக்ட்டில் ஃபிக்ஸ்சர் (பாகத்தைப் பிடித்து நிறுத்தும் அமைப்பு) வடிவமைத்து ஃபைனைட் எலிமென்ட் (பாகத்தை மெஷ் எனும் சிறு கூறுகளாகப் பிரித்துக் கணினியில் கணக்கிடும் முறை) செய்யப் போகிறீர்கள் என்றால் அலகில் கவனம். பல மென்பொருள்களில் மி.மீ., நியூட்டன், மெகாபாஸ்கல் என்று கொடுத்தால் அடர்த்தி கன மி.மீ.க்கு டன் என்ற அலகில் இருக்க வேண்டும். எஃகுக்கு அது 7.85-ஐ நூறு கோடியால் வகுத்த எண். பழக்கத்தில் 7850 என்று தட்டினால் தகைவு சரியாகவே வரும், ஏனென்றால் வெளி விசை மட்டும் இருக்கும் கணக்கில் அடர்த்தி வராது. இயல் அதிர்வெண் கேட்கும்போதுதான் விடை பத்து லட்சம் மடங்கு குறைவாக வந்து நிற்கும்.

உள்மூலையைக் கூராக விட்டால் மெஷ்ஷை நுணுக்க நுணுக்கத் தகைவு ஏறிக்கொண்டே போகும், நிற்காது. அது பாகத்தின் குறை இல்லை, மாடலின் குறை. நிஜப் பாகத்தில் உள்ள மூலை ஆரத்தைப் போடுங்கள், மூன்று மெஷ் அளவில் ஓட்டுங்கள், கடைசி இரண்டுக்கும் 5 சதவீதத்துக்குள் வித்தியாசம் இருந்தால் ஏற்கலாம். அதற்கும் முன், ஃபிக்ஸ்சரை ஒரு எளிய பீமாக எண்ணிக் கையால் ஒரு விலகல் கணக்கு. மென்பொருள் தரும் எண் அதிலிருந்து பத்து மடங்கு தள்ளி இருந்தால் முதலில் பிடிமான நிபந்தனையைத் திறந்து பாருங்கள்.

இரண்டாம்ஷிப்ட்:

மெட்ராலஜி விலக்கு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். முதல் செமஸ்டருக்கு ஸ்டேடிக்ஸ், கணிதம் 1 இரண்டு மட்டும். மெட்டீரியல்ஸும் திறந்திருக்கிறது, லேப் உண்டு. சேர்க்கலாமா?

மைக்ரான்:

வேண்டாம். அது அடுத்த ஆண்டும் வரும். இந்த செமஸ்டரில் மிச்சமாகும் நேரத்தை ஸ்டேடிக்ஸ் கணக்குகளுக்குக் கொடுங்கள், வாரத்துக்கு 15 கணக்காவது விசைப்படத்தோடு.